செக்கோயாவைச் சுற்றிய ஞாயிறு

மச்சாளுக்கு முழங்கால் வருத்தம். அதனால் ஏற்றமில்லாத பாதையாகத் தேடித்தான் செக்கோயா என்ற நெடிய மரங்களின் தோப்பைத் தெரிந்தெடுத்தேன். நாங்கள் குடியிருக்கும் லின்ஃபீல்டில் இருந்து தெற்கே ஒரு மணிநேரக் கார்ப் பயணம். பாதை சமதரை, குழந்தைத் தள்ளுவண்டிகூடப் போகும் என்று இணையத்தில் போட்டிருந்தது. தள்ளுவண்டி என்ற சொல்லை வாசித்ததும் பக்கத்தை மூடிவிட்டேன். பிறகு திரும்பத் திறந்து, கார் நிறுத்தும் இடத்தைக் குறித்துக்கொண்டேன்.

மச்சாள் என் கணவரின் அக்கா. யாழ்ப்பாணத்தில் இருந்து விசிட்டர் விசாவில் வந்து எங்களோடு ஒரு மாதமாக இருந்தார். அடுத்த கிழமை திரும்பப் போகவேண்டும். அவர் வந்த வேளையில்தான் எங்கள் கடைசிச் சிகிச்சையும் நடந்தது. எனக்கு நாற்பத்து மூன்று வயது. இதற்குமேல் முயல்வதில்லை என்று நானும் கணவரும் முன்பே முடிவு செய்திருந்தோம். வெள்ளிக்கிழமை கிளினிக்கில் இருந்து தாதி அழைத்து, கரு தங்கவில்லை என்றாள். கணவர் "சரி, விடு. நாங்கள் ரெண்டு பேர் இருக்கிறம்தானே" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் காரைக் கழுவினார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. மச்சாளிடம், முடிவு இன்னும் வரவில்லை என்றோம். அவர் சந்தோசமாக ஊர் போகட்டும் என்று நினைத்தோம்.

ஞாயிறு காலை மச்சாளுக்குப் பிடித்த சோறு கறியெல்லாம் கட்டி எடுத்தேன். தோப்புக்குள் வெயில் இறங்கவில்லை. விழுந்த இலைகளால் நிலம் மெத்தென்று இருந்தது. மச்சாள் கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்த்தார்.

"இதுக்கு எத்தினை வயசு, தம்பி?"

"நூறுக்கு மேல, அக்கா. கலிபோர்னியாவில இருந்து கொண்டுவந்து நட்டது."

"அப்ப இதுவும் உங்களைப்போல வந்து குடியேறினதுதான். பி.ஆர். விசா கிடைச்சிட்டுதோ?"

கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

தோப்பிலேயே பருத்த மரத்தடியில் மச்சாள் நின்றார். கைப்பையில் இருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து என் நெற்றியில் பூசினார்.

"மூண்டு தரம் சுத்து, பிள்ளை. நான் எண்ணுறன்."

"இது அரசமரம் இல்லை, மச்சாள்."

"அரசு இஞ்ச முளைக்குதோ? இருக்கிற மரத்தைத்தானே சுத்தலாம்."

"அக்கா, ரேஞ்சர் கண்டால் ஃபைன் அடிப்பான்" என்றார் கணவர்.

"அவன்ரை பெண்சாதிக்கும் சேர்த்துச் சுத்துறாள் எண்டு சொல்லு."

மரத்தின் உச்சியைப் படம் எடுக்கப்போவதாகச் சொல்லிக் கணவர் அதன் பின்பக்கம் போனார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நான் நடக்கத் தொடங்கினேன். மறுக்க என்னால் முடியவில்லை. மறுத்தால் காரணம் சொல்லவேண்டும்.

மரத்தின் பின்பக்கம் அடிமரம் இரண்டாக மடிந்து ஓர் ஆள் ஒதுங்கும் இடமிருந்தது. கணவர் அதற்குள் நெற்றியைப் பட்டையில் வைத்து நின்றார். கைமுட்டியால் மரத்தைக் குத்திக்கொண்டிருந்தார். தும்புபோல மென்மையான பட்டை, அதனால் சத்தம் வரவில்லை. அவர் அழுது அன்றுவரை நான் கண்டதில்லை. ஒவ்வொரு முறை சிகிச்சை தோற்றபோதும் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தவர் அவர்.

"ஒண்டு!" என்றார் மச்சாள் அந்தப் பக்கத்தில் இருந்து.

நான் முன்பக்கம் வந்தேன். மச்சாள் கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றார். உதடுகள் அசைந்தன. அவரைத் தாண்டித் திரும்பவும் பின்னால் போனேன். கணவரின் தோளில் கை வைத்தேன். அவர் திரும்பாமலே என் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு விடவில்லை.

"ரெண்டு... பிள்ளை? எங்க நிக்கிறாய்?"

மச்சாள் மரத்தைப் பிடித்துப் பிடித்து, மெதுவாகச் சுற்றி வந்தார். எங்களைப் பார்த்தார்.

"எப்ப தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

"அதுக்குப் பிறகே எனக்கு இவ்வளவு சோறு கட்டினனீ?"

அவர் தம்பியின் காலடியில், அந்த ஈர நிலத்தில், அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருந்தால் தானாக எழும்ப முடியாது என்று அவருக்குத் தெரியும். நாங்களும் அவர் பக்கத்தில் இருந்தோம். பிள்ளைகளோடு ஒரு குடும்பம் பாதையால் போனது. அவர்கள் எங்களுக்கு ஹலோ சொன்னார்கள், மச்சாள் மட்டும் தலையாட்டினார்.

பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைத் தூக்கிவிட்டோம்.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். மோட்டர்வேயில் ஏறியதும் மச்சாள் சொன்னார்: "நான் படுக்கிற அந்தச் சின்ன அறைக்கு ஒரு நல்ல கட்டில் வாங்கிப் போடுங்கோ. மடக்குக் கட்டில் இடுப்பைக் கொல்லுது. வாற வருசமும் வருவன்."

அந்த அறையில் தொட்டிலுக்கு இடம் வேண்டுமென்று வீடு வாங்கிய நாளில் இருந்து நாங்கள் கட்டில் போடவில்லை. அவருக்கு அது தெரியும்.

கணவர் வீதியைப் பார்த்தபடி "ஓம், அக்கா" என்றார்.