வசந்தாவின் பழத் தேநீரில் தேன் இல்லை

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு அருகே பழச்சாறு கடை வைத்திருந்த வசந்தா, மழைக்காலத்தில் போடும் பழத் தேநீரில் யாருக்கும் தெரியாமல் தேன் கலந்துவந்தாள் என்று அவள் சாவு வீட்டிலேயே இருவர் பேசிக்கொண்டார்கள். அது தவறு. அவள் ஒருநாளும் கலக்கவில்லை. ஒரே ஒருநாள் கலந்தவள் நான்.

போன செவ்வாய்க்கிழமை காலை அவள் மகள் கலா தொலைபேசியில், "ஆபீசரம்மா, அம்மா போயிட்டாங்க" என்றாள். தினமும் அவள் கடையில் போய் உட்காரும் நான் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள், அதிகாரி அல்ல. அது வசந்தா வைத்த பெயர். பலமுறை திருத்தினேன். "அதிகாரம் பண்றவங்க ஆபீசர்தானே" என்பாள்.

ஐப்பசி பிறந்தால் பழச்சாறு விற்காது. அதற்காக அவள் கடையைச் சாத்தியதில்லை. அன்னாசி, மாதுளை, ஆப்பிள் மூன்றையும் ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, சுக்கு சேர்த்துக் கொதிக்கவிடுவாள். பழம் குழைந்த பிறகே தேயிலை, கடைசியில் பனைவெல்லம். அளவு கேட்டால், "மூக்கு இருக்குதே, அத வெச்சு அளங்க" என்பாள். நான் வாங்கிக்கொடுத்த அளவுக் கரண்டியில் பூனைக்குப் பால் ஊற்றினாள்.

அவள் இஞ்சி சேர்க்காதது மேல்சித்தாமூரிலிருந்து வரும் சமணர்களுக்காக. மண்ணுக்கடியில் விளைவதை அவர்களில் பலர் உண்பதில்லை. காய்ந்த சுக்கு ஆகும். இருட்டிய பின் எதுவும் உண்ணாதவர்கள் என்பதால் பொழுது சாயுமுன் அவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். தண்ணீரை அவர்கள் கண்ணெதிரே துணியில் வடிகட்டுவாள்.

ஆறு வருடங்களுக்கு முன் ஓர் அமாவாசையன்று அவள் மேல்மலையனூர் கோயிலுக்குக் கிளம்பினாள். "அடுப்ப மட்டும் பாத்துக்கங்க. ஒண்ணும் சேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் படித்த கான்வென்ட் விடுதியில் சளி பிடித்தால் தேநீரில் தேன் விட்டுக் கொடுப்பார்கள். அதுவே சரியான முறை என்பது என் எண்ணம். வீட்டிலிருந்து தேன் கொண்டுவந்து பானையில் ஊற்றினேன். இஞ்சி ஆகாது என்று தெரிந்த எனக்குத் தேனும் ஆகாது என்று தெரியவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை.

மேல்சித்தாமூர்ப் பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள். "இன்னிக்கி ரொம்ப நல்லா இருக்குதே" என்று ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் பஸ் ஏறினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

வசந்தா திரும்பிவந்து ஒரு வாய் குடித்தாள்.

"இன்னாத்த போட்டீங்க?"

"தேன். உடம்புக்கு நல்லது."

"மேல்சித்தாமூர்க்காரங்க யாருனா குடிச்சாங்களா?"

சொன்னேன்.

"அவங்க தேன தொடமாட்டாங்க ஆபீசரம்மா. தேனீ சேத்து வெச்சத புடுங்கறது பாவம்பாங்க."

"யாருக்குத் தெரியப்போகிறது?" என்றேன்.

"எனக்குத் தெரியுதே."

மறுநாள் முதல் பஸ்ஸில் மேல்சித்தாமூர் போனாள். "என் பானையில தேன் கலந்துடுச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். என் பெயரைச் சொல்லவில்லை. "வந்து சொன்னியே, அது போதும்மா" என்றாராம் பெரியவர். தேன் குடித்த பாவம் தீர அன்று அவரும் அவர் மனைவியும் பட்டினி கிடந்தார்கள். ஆனால் செய்தி பரவியது. அந்த ஊரார் பலர் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

ஏன் என்னைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க இந்தப் பக்கமே வரமாட்டீங்க. அப்புறம் நான் யார்கூட சண்ட போடறது?" என்றாள்.

நானே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கௌரவம் பார்த்தேன்.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது, தவறு நடந்தால் நேரே போய்ச் சொல்லிவிடும் அந்தப் பழக்கத்தை. ஆறு வருடம் பிந்திவிட்டது.

இந்த ஐப்பசியில் கலா கடையைத் திறக்கிறாள். "உங்கம்மா தேன் ஊத்துவாளாமே" என்று அவளிடம் இப்போதே கேட்கிறார்கள். அந்தப் பெரியவரோ அவர் வீட்டாரோ இதைப் படித்தால், வசந்தா மீது குற்றமில்லை என்று இரண்டு வரி எழுதிக் கலாவின் கடைக்கு அனுப்ப வேண்டுகிறேன். என்மேல் உள்ள கோபத்தையும் அதிலேயே எழுதலாம். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். எழுத்தில் பதில் வேண்டும்.