என் தங்கை வீட்டு ஜின்

அல்ஹம்துலில்லாஹ். சகோதரிகளே, என் பெயர் வேண்டாம். என் கையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என் கணவருக்குக் கல்முனை பஸாரில் புடவைக் கடை. வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அடுத்த வளவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனால் என் கை சும்மா இருக்காது. உப்புக் கரண்டி, உடுப்புக் கிளிப், பிள்ளையின் ஒற்றைக் காலுறை. வீட்டுக்கு வந்து கையை விரித்துப் பார்த்தால் எனக்கே பைத்தியம் பிடிக்கும். இதை ஏன் எடுத்தேன்? எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் பேணிக்குள் போட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். தொழுதுவிட்டு அழுவேன். யா அல்லாஹ், என் கையைத் தடுத்துவிடு, என் மானத்தையும் மறைத்துவிடு. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பேன்.

சாமான்கள் காணாமல் போகப் போகத் தங்கைக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒருநாள் என்னிடமே வந்தாள்.

"ராத்தா, இது ஜின்ட வேலதான். நீங்கதானே நல்லா ஓதுற. வந்து யாசீன் ஓதி, தண்ணி ஊதித் தாங்க."

உப்புக் கரண்டியை வைத்து ஜின் என்ன சமைக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. நானும் போனேன். ஓதினேன், ஊதினேன். அந்தத் தண்ணீரை அவள் மூலைமுடுக்கெல்லாம் தெளித்தாள். எனக்கும் ஒரு மிடறு தந்தாள். குடித்தேன். அப்படியிருந்தும் திரும்பும்போது மேசையில் கிடந்த எதையோ என் கை எடுத்துவிட்டது. பார்க்கவும் பிடிக்காமல் பேணிக்குள் போட்டேன்.

அன்று மஃரிபு தொழுகைக்குப் பிறகு தங்கை அலறும் சத்தம் கேட்டு ஓடினேன். அவளுடைய மகளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. முட்டு வருத்தம் என்கிற ஆஸ்துமா உள்ள பிள்ளை. வாயில் வைத்து அடிக்கும் பம்பைக் காணவில்லை.

"அதையும் ஜின் எடுத்திட்டுது. ஓதுங்க ராத்தா, ஓதுங்க" என்று தங்கை என் கையைப் பிடித்தாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டுக்கு ஓடினேன். பேணியைக் கவிழ்த்து, பம்பைக் கொண்டுவந்து கொடுத்தேன். பிள்ளைக்கு மூச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. அல்லாஹ் காப்பாற்றினான்.

"எங்க கெடந்த?" என்று தங்கை கேட்டாள். பொய் நாக்கு நுனியில் இருந்தது. ஜின்மேல் போட்டால் எல்லோரும் நம்புவார்கள்.

"நான்தான் எடுத்த. எல்லாத்தையும் நான்தான் எடுத்த" என்றேன்.

"ஒங்களுக்கு என்ன கொற ராத்தா? ஏன் எடுத்தீங்க?"

"தெரியா புள்ள."

உண்மையாகவே தெரியாது. இன்றும் தெரியாது. மௌலவி, ஷைத்தானின் ஊசலாட்டம் என்கிறார். ஆஸ்பத்திரி டொக்டர், இது ஒரு வருத்தம் என்று சொல்லி மாதாமாதம் கூப்பிட்டுக் கதைக்கிறார். நான் இரண்டு பேர் சொல்வதையும் கேட்கிறேன்.

என் துஆவில் எது கபூலானது என்பதும் குழப்பம்தான். மானத்தை மறை என்றேன், மறைக்கவில்லை. கையைத் தடு என்றேன், ஆசை இன்னும் வருகிறது. ஆனால் மறைத்து வைத்திருந்த காலத்தில் ஒருநாளும் கை நிற்கவில்லை. தங்கைக்குத் தெரிந்த பிறகுதான் நின்றது. ஒன்றைத் தராமல்தான் மற்றதைத் தந்தானோ என்று நினைக்கிறேன்.

தங்கை பல நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு அவளே கூப்பிட்டாள். "வாங்க. ஆனா போகக்குள்ள கையக் காட்டிட்டுப் போங்க."

சகோதரிகளே, ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை. உங்களை வெறுக்காத ஒருவரிடம் சொல்லுங்கள். அல்லாஹ்விடம் கேட்பதையும் விட்டுவிடாதீர்கள். நான் தினமும் தங்கையின் வாசலில் நின்று, துஆவுக்கு ஏந்துவது போல இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறேன். வெறுங்கை. அவள் குனிந்து பார்த்துவிட்டு "ஆமீன்" என்பாள்.