உருளைக்கிழங்கு ராணி கில்பர்ட் குவான்

கில்பர்ட் குவானைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றால் என்னால் முடியாது. பதினோரு வருடமாக, மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் அவனோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அவன் வாயைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கில்பர்ட் சீனன். சான்பிரான்சிஸ்கோ தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற வேலை அவனுக்கு. இருபத்தேழு வருட சர்வீஸ். உறையைக் கையில் எடுக்கும்போதே அது எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும் என்பான். அந்தப் புத்தியை ஆபீசிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆண்களை விரும்பும் ஆண்கள் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் லைல் என்கிற பென்ஷன் வாத்தியார் வீட்டில் கூடிச் சாப்பிடுவோம். அங்கேயும் அவனுக்கு அதே வேலைதான். புது ஆள் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் பக்கத்தில் போய் நின்றுவிடுவான்.

"இந்த வீட்டுக்காரரு இருக்காரே, இவரு அரிசி ராணி. வெள்ளைக்காரருதான், ஆனா நம்மள மாதிரி சப்பை மூக்குப் பசங்களைக் கண்டாத்தான் சாருக்கு மூச்சே வரும். நான் உருளைக்கிழங்கு ராணி. எனக்கு வெள்ளைத் தோலு இல்லாம சோறு இறங்காது. மூலையில உக்காந்திருக்காளே அவ பீன்ஸ் ராணி, மெக்சிகோக்காரன் போற பஸ்ஸுலயெல்லாம் ஏறுவா. சரி, நீ என்னடி?"

இந்தப் பெயர்களை அவன் கண்டுபிடிக்கவில்லை. ஊரில் எல்லா பாரிலும் புழங்குகிற பெயர்கள்தான்; ஆண்கள் நாங்கள் ஒருவரையொருவர் ராணி, அவள், என்னடி என்பதும் அப்படித்தான். ஆனால் அவனைப்போல ஆளின் முகத்துக்கு நேரே சொல்லி முத்திரை குத்துகிறவன் வேறு யாருமில்லை. அதோடு விட்டானா? யாருக்கு யார் மேல் ஆசையோ அந்தப் பண்டத்தைச் சமைத்துக்கொண்டு வர வேண்டும் என்று ஒரு சட்டம் வேறு போட்டான். விளையாட்டாக ஆரம்பித்தது, யாரும் மீற முடியாத வழக்கமாகிவிட்டது. லைல் ஒரு சட்டி வறுத்த சோறு செய்து வைப்பார். கில்பர்ட் வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி நடந்து வருவான்.

அவனுக்கு வாய்த்த வெள்ளைக்காரர்கள் மூன்று பேர். முதலாமவன் ஆறு மாதத்தில் போர்ட்லாந்துக்குப் போய்விட்டான். இரண்டாமவன் முந்தைய ஜப்பான்காரப் பையனின் பெயரைச் சொல்லியே ஒரு வருடம் இவனைக் கூப்பிட்டான், இவனும் ஏன் என்று கேட்காமல் ஓடிப்போய் நின்றான். மூன்றாமவன் கில்பர்ட்டுக்கு நாற்பது வயது ஆன வாரத்தில் இருபத்து நாலு வயதுக்காரனோடு கிளம்பிப்போனான். இதைக் கேட்டபோது ஐயோ பாவம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அவன் என் ஆல்வினிடம் வாயைத் திறந்தான்.

என் பெயர் நெஸ்டர். மணிலாவில் பிறந்தவன், இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். ஆல்வின் மோய் கான்டன் சீனன், இந்த ஊரிலேயே பிறந்தவன், படம் வரைவான். நான் அவனை முதல் தடவை லைல் வீட்டுக்குக் கூட்டிப்போனபோது கைகோத்துக்கொண்டு போனோம். கில்பர்ட் எங்களை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஐயய்யோ, ஒட்டரிசி! அரிசியோட அரிசி ஒட்டிக்கிட்டு வந்திருக்கு பாருங்கடி! ஏன்டி, ரெண்டு தங்கச்சிங்க ஒரே படுக்கையில படுத்தா என்னடி பண்ணுவீங்க? பேன் பாத்துக்குவீங்களா?"

மேஜையே குலுங்கிச் சிரித்தது. ஆல்வினும் சிரித்தான். ஒவ்வொரு மாதமும் அந்தப் பேன் கதை வந்தது. சீப்பு எடுத்து வந்தீர்களா என்று கேட்பான், ஈர் எத்தனை என்று கேட்பான். நாலாவது மாதம் காரில் திரும்பும்போது ஆல்வின் சொன்னான்: "உன் பக்கத்துல நிக்கறப்போ என்னையே எனக்குக் கேலியாத் தெரியுது நெஸ்டர். என்னால முடியல." அடுத்த வருடம் ஓக்லாந்து பல் டாக்டர் ஒருவரோடு வந்தான், கையில் உருளைக்கிழங்கு சாலட். கில்பர்ட் எழுந்து நின்று கைதட்டினான். நானும் தட்டினேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை.

போன வருடம் மே மாதம் ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு கில்பர்ட் என்னைத் தேடி வந்தான். காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உருட்டினான்.

"ஞாயித்துக்கெழம ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன். வாரன் யீன்னு பேரு. மருந்துக்கடை வச்சிருக்காரு."

"யீயா? சீனரா?"

"ஆமா."

ஐம்பத்தோரு வயதில் அவன் காது சிவந்ததை அப்போதுதான் பார்த்தேன். வாரனின் துணைவர் இறந்து மூன்று வருடமாம். ஜனவரியிலிருந்து இருவரும் ஞாயிறு காலையில் கடற்கரையில் நடக்கிறார்களாம். கில்பர்ட் தன் வீட்டைக் காலி செய்துவிட்டு அவரோடு போய் இருப்பது என்று பேச்சு. அதற்கு முன் வாரன் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்: உன் சிநேகிதர்களை நான் பார்க்க வேண்டும், அவர்கள் நடுவில் நீ எப்படி இருக்கிறாய் என்று பார்க்க வேண்டும்.

"நீ சிரிச்சாத்தான் மத்தவளுங்க சிரிப்பாளுங்க நெஸ்டர். ஆரம்பிச்சுடாத. இந்த ஒரு நாளு. அவரு போயிட்டாருன்னா எனக்கு வேற யாருமில்ல."

"ஆல்வின்கிட்ட இந்தக் கரிசனம் எங்க போச்சு?" என்றேன்.

கில்பர்ட் நிமிர்ந்து பேந்தப் பேந்த விழித்தான். "ஆல்வினா? எந்த ஆல்வின்?"

நடிக்கவில்லை. நிஜமாகவே அவனுக்கு நினைவில்லை. "மன்னிச்சுக்கோ நெஸ்டர்" என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை நான் அவனுக்காக மற்றவர்களின் வாயைப் பொத்தியிருப்பேன். காப்பிக் கோப்பையை நகர்த்திவிட்டு எக்ஸ்ரே அறைக்குப் போனேன்.

ஞாயிறன்று கில்பர்ட் புதுச்சட்டையில் வந்தான். பின்னால் நரைத்த தலையோடு, ஒல்லியாக, வாரன். அவர் கையில் துண்டு சுற்றிய பானை. எங்கள் சட்டத்தை கில்பர்ட் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. எப்படிச் சொல்வான்? சொல்ல ஆரம்பித்தால் எல்லாப் பெயரையும் சொல்ல வேண்டுமே. விருந்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று அந்த மனிதர் தனக்குத் தெரிந்ததைச் சமைத்துக்கொண்டு வந்திருந்தார்.

லைல் மூடியைத் திறந்தார். காளானும் சீனத் தொத்திறைச்சியும் போட்டு, பளபளவென்று, ஒட்டரிசி.

பதினோரு தலைகள் என் பக்கம் திரும்பின. கில்பர்ட்டும் என்னைத்தான் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

நான் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டேன். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டேன்.

"என்ன கில்பர்ட், சாரை எங்களுக்குச் சொல்லவே இல்லியே. உனக்கு என்ன வேணும் இவரு?"

வாரனும் சிரித்த முகமாக அவன் பக்கம் திரும்பினார். அவரும் அந்தப் பதிலுக்குத்தான் வந்திருந்தார்.

கில்பர்ட் புதுச்சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். "சித்தி பையன்," என்றான். "என் சித்தி பையன். சும்மா ஊரைப் பாக்க வந்திருக்கான்."

வாரன் பானையைச் சுற்றியிருந்த துண்டை மடித்து வைத்தார். பிறகு, "ஆமா, சித்தி பையன்தான்," என்றார் எங்களிடம். அவரே கரண்டியை எடுத்து ஒவ்வொருவர் தட்டிலும் பரிமாறினார், கில்பர்ட் தட்டில் கொஞ்சம் கூடுதலாகவே. காலிப் பானையைக் கழுவித் துடைத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார். கில்பர்ட் எழுந்தபோது, "நீ இரு, சாப்பிடு. பெரியம்மாவைக் கேட்டதாச் சொல்லு," என்றார். கில்பர்ட்டின் அம்மா போய்ப் பதினேழு வருடமாகிறது.

கதவு சாத்தியதும் யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த மாதமே கில்பர்ட் மசித்த உருளைக்கிழங்கோடு வந்துவிட்டான். "சித்தி பையன் சௌக்கியமா?" என்று நான்தான் முதலில் கேட்டேன். "சௌக்கியம்," என்றான். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஜூலையில் அவனுக்குப் பல் வலி என்றான். அக்டோபரில், கடைக்கு ஆள் போட்டிருக்கான், இப்போதெல்லாம் மத்தியானம் தூங்குகிறான் என்றான். கேட்பதற்கு முன்பே சொல்லவும் ஆரம்பித்துவிட்டான்.

வாரன் செப்டம்பரிலேயே கடையை விற்றுவிட்டு சியாட்டிலுக்குப் போய்விட்டார். அந்த ஞாயிறுக்குப் பிறகு என் ரத்தக் கொதிப்பு மாத்திரையை அவர் கடையில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் போன விஷயம் கில்பர்ட்டுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

இந்த ஞாயிறும் கேட்டேன். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"கண்ணுல புரை எடுத்திருக்கான். ஒரு வாரம் நான்தான் சொட்டு மருந்து விட்டேன்."