அந்தத் தலையைக் குனிய வைத்தவன் நான்

ஒரு மனிதனின் தலையை நாற்பது வருடத்துக்கு மேல் குனிய வைத்திருந்தேன். தெரிந்தே செய்தேன். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நான் யார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதை முடிந்த பிறகு சொன்னால் உங்களுக்குக் கேட்க மனம் இருக்காது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு கடையின் மாடிப்படிக்கு அடியில் கறுப்புத் துணி கட்டி ஸ்டூடியோ தொடங்கியவன். இன்று அதே தெருவில் எனக்கு மூன்று மாடி. பாயான் லெப்பாஸில் ஒரு கிளை, பத்து காவானில் ஒரு கிளை. கைபேசி வந்து ஊரில் இருந்த ஸ்டூடியோக்கள் எல்லாம் மூடியபோது, மூடாமல் நின்றவன் நான். பிரிந்துபோன தம்பதிகள்கூட நான் எடுத்த கல்யாண ஆல்பத்துக்காக இன்னும் சண்டை போடுகிறார்கள். படம் அப்படி. யாரும் கை கொடுக்கவில்லை. எல்லாம் இந்தக் கண், இந்த விரல்.

ஆனால் என் பெயரைத் தூக்கிவிட்டது கல்யாணம் இல்லை. ஒரு போர்ப் படம்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். காட்டோரம், சேறு அப்பிய உடுப்போடு பதினோரு சிப்பாய்கள். பதினோரு தலையும் குனிந்திருக்கும். நடுவில் அகன்ற தோளோடு ஒரு தமிழர், மற்ற எல்லாரையும்விட ஆழமாகக் குனிந்திருப்பார். அவர் சார்ஜன் முத்தையா. அந்தப் படத்தைப் பார்த்து அழுதவர்கள் உண்டு.

அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்...

நான் அங்கே போனதே என் வாயால்தான். ஓர் இராணுவ அதிகாரியின் கல்யாணத்துக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, "கல்யாணம் என்ன சார், காட்டுல சண்டை நடந்தாலும் நான் எடுப்பேன்" என்று சொல்லி வைத்தேன். மூன்று மாதம் கழித்து அவர் ஆள் அனுப்பினார். தாய்லாந்து எல்லைக் காட்டில் கம்யூனிஸ்டுகளின் மறைவிடம் ஒன்றைப் பிடிக்கப் படை போயிருக்கிறது, பத்திரிகைப் படக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார், நீ வா என்றார். மறுக்க முடியுமா? அதற்குள் அந்தப் பெருமையைப் பாதித் தெருவுக்குச் சொல்லிவிட்டேனே!

முகாமில் போய் இறங்கினேன். கையில் கேமரா, தோளில் வெளிச்சத்துக்கு வைக்கும் வெள்ளைக் குடை, காலில் வெள்ளைச் சப்பாத்து. வாசலில் நின்ற மலாய்ச் சிப்பாய் ஒருவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அபாங், இன்னிக்கு யாருக்குக் கல்யாணம்?" என்று அண்ணன் முறை வைத்து அவன் மொழியில் கேட்டான். குடையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் அவர்களோடு இருந்தேன். இரத்தம் குடிக்கும் அட்டைகள் என் காலை ஆல்பம் புரட்டுவதுபோல் ஒரு பக்கம் விடாமல் பார்த்தன.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள்தான் சார்ஜன் முத்தையாவின் குழு காட்டிலிருந்து வெளியே வந்தது. போன காரியம் நடக்கவில்லை. அவர்கள் போய்ச் சேரும்போது மறைவிடம் காலி. அடுப்புச் சாம்பல் மட்டும் இருந்ததாம். திரும்பும் வழியில் மழை, வெள்ளம். ஒரு பையனுக்குக் கால் உடைந்துவிட, அவனை இரண்டு நாள் முதுகில் சுமந்துகொண்டு வந்தவர் சார்ஜன்.

அவர் தோற்ற முகத்தோடு வரவில்லை. இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன். வந்ததும் ஆட்களை வரிசையாக நிற்க வைத்து எண்ணினார். காலுடைந்தவனைத் தோளில் தாங்கிக்கொண்டே எண்ணினார். "பதினோரு பேரு போனோம், பதினோரு பேரு வந்தோம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எடுலா படத்த. எங்க வீட்டுக்காரி பார்க்கணும்" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

எடுத்தேன். உச்சி வெயில், நேர் எதிரே. காட்டு இருட்டில் பல நாள் கிடந்த கண்கள் அல்லவா, கூசின. ஒரு படத்தில் மூன்று பேர் கண்ணை மூடியிருந்தார்கள். அடுத்ததில் ஐந்து பேர். சார்ஜன் முகம் புளியங்காய் தின்றவர் முகம்போல் சுருங்கியது. இடத்தை மாற்றலாம் என்றால், காலுடைந்தவனை ஏற்றிப்போக லாரி உறுமிக்கொண்டு நின்றது.

எனக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. மணப்பெண்ணுக்குக் கண் கூசினால் தலையைக் குனியச் சொல்லிவிடுவேன். கண் தெரியாது. பார்ப்பவர்கள் நாணம் என்பார்கள். எத்தனை நாணங்களை நான் இப்படிச் செய்திருக்கிறேன் தெரியுமா?

அதையே சொன்னேன். "எல்லாரும் கொஞ்சம் தலையக் குனிங்க. கால் கட்டவெரலப் பாருங்க. சார்ஜன், நீங்க இன்னும் கொஞ்சம்..."

"நான் எதுக்குக் குனியணும்?" என்றார்.

"அண்ணே, எனக்குத் தொழில் தெரியும். ஒரே ஒரு படம்."

என்னை நம்பினார். குனிந்தார். அமுக்கினேன்.

பினாங்குக்கு வந்து பிலிமைக் கழுவிப் பார்த்தேன். நிமிர்ந்து நின்ற படங்கள் ஆறு இருந்தன. எல்லாவற்றிலும் யாராவது ஒருவருக்குக் கண் மூடியிருந்தது. கண் மூடிய படத்தை என் ஸ்டூடியோ வெளியே விட்டதே இல்லை. விட்டால் என் பெயர் என்னாகும்? குனிந்த படம் ஒன்றை மட்டும் கொடுத்தேன். பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. கீழே 'தோல்வியின் முகம்' என்று எழுதியிருந்தது. நான் எழுதவில்லை... ஆனால் அதைப் படித்துவிட்டு, மாற்றச் சொல்லி நான் போகவும் இல்லை.

ஏன் போகவில்லை? பெருமையாக இருந்தது. வேறென்ன? அந்தப் படத்தைக் கதவளவு பெரிதாக்கிக் கடை முகப்பில் மாட்டினேன். "இந்தத் துக்கத்த எப்படிண்ணே புடிச்சீங்க?" என்று கேட்டவர்களிடம், "பொறுமை வேணும் தம்பி. காத்திருந்தா துக்கம் தானா நம்ம கேமராவுக்குள்ள வந்து ஒக்காந்துரும்" என்று சொன்னேன். எனக்கே புல்லரிக்கும். சில வருடங்களில் நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

சார்ஜன் என்ன ஆனார் என்று நான் ஒரு நாளும் விசாரிக்கவில்லை.

இந்த வருடம் யாழினி என்றொரு பெண் வந்தாள். ஒரு கண்காட்சிக் கூடத்தில் வேலை செய்பவள், பழைய படங்களைத் தேடி எடுத்து மாட்டுகிறவள். "அங்கிள், உங்க படத்ததான் நடுச் சுவர்ல வைக்கப்போறோம்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தபடி, "சார்ஜன் இன்னும் இருக்காரு அங்கிள். பைராம் தோட்டத்துல மக வீட்டுல. திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டேன், வரமாட்டேன்னுட்டாரு" என்றாள்.

மறுநாளே தீவிலிருந்து கடற்பாலத்தைக் கடந்து அவர் வீட்டுக்குப் போனேன். சும்மா போவேனா? கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம் ஒன்றைப் பரிசாகத் தூக்கிக்கொண்டு போனேன். ஆமாம், அதே படத்தைத்தான். என் புத்தியைப் பாருங்கள்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். தோள் இன்னும் அகலம்தான். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"என் வீட்டுக்கே தூக்கிட்டு வந்திட்டியா இத?"

"சார்ஜன், என்னை ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? கால் கட்டவெரலப் பாருன்னு சொன்னவன்தானே நீ? பார்த்தேன். இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பட்டாளத்த விட்டுட்டு பாயான் லெப்பாஸ்ல பேக்டரி காவலுக்குப் போனேன். வேலைக்கு பஸ்ஸுல வர்ற பிள்ளைங்கல்லாம் என்னா பேரு வச்சுச்சுங்க தெரியுமா? தலகுனி சார்ஜன். அத விடு. என் வீட்டுக்காரி சாகுற வரைக்கும் கேட்டா, காட்டுல அப்படி என்னாதான் பண்ணிட்டு வந்தீங்கன்னு. போட்டோக்காரன் குனியச் சொன்னான்டின்னேன். சிரிச்சா. துப்பாக்கி பிடிச்ச ஆளு போட்டோக்காரன் சொன்னா குனிவானான்னு கேட்டா."

படத்தைக் காகிதத்தால் மறுபடி மூடப் பார்த்தேன்.

"ஒரு கடுதாசி போட்டிருந்தா போதும்லா."

"எனக்கு எழுத்து அவ்வளவா வராது, அண்ணே..."

"வாய்? அதுவும் வராதா? ஊரெல்லாம் பேசினியாமே."

மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். அவர், "குடி. குடிச்சிட்டு அதத் தூக்கிட்டுப் போ" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை தெருவில் போன மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சூடான டீயை நான் அவ்வளவு வேகமாகக் குடித்ததில்லை.

திரும்பி வந்து யாழினியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கண் கலங்க என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், நீங்க ரொம்ப தன்னடக்கமா பேசுறீங்க" என்றாள். என்னை! எழுபத்துமூன்று வயதில், என்னைப் பார்த்து! இதைக் கேட்டு என் மனைவி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டாள் யாழினி. நிமிர்ந்து நின்ற அந்த ஆறு படங்களின் பிலிமைத் தேடினேன். ரொட்டி டின்னுக்குள் பூஞ்சை பிடித்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கருங்கட்டியாகக் கிடந்தது. கண் மூடிய படங்கள்தானே என்று நான்தான் அலட்சியமாகப் போட்டேன். ஆக, அவர் நிமிர்ந்து நின்றதற்கு இந்த உலகத்தில் என் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. என் வாயையோ, ஊரில் யாரும் நம்புவதில்லை. அதையும் நான்தான் சம்பாதித்தேன்.

கண்காட்சி இரண்டு வாரமாக நடக்கிறது. தினமும் மத்தியானம் போய்ப் படத்தின் பக்கத்தில் நிற்கிறேன். வருகிறவர்களிடம் சொல்கிறேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, என்னோடு செல்பி எடுத்துக்கொண்டு போகிறார்கள். காவலாளி இரக்கப்பட்டு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார். படத்தின் கீழே உள்ள அட்டையில் மூன்று மொழியில் இன்னும் அதேதான் எழுதியிருக்கிறது, 'தோல்வியின் முகம்'.

சார்ஜனின் மனைவிக்கு இனி நான் சொல்ல முடியாது. சார்ஜனுக்கும் எண்பதாகிவிட்டது. மிச்சம் இருக்கிறவர்கள் நீங்கள்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதச் சொல்லி, பேத்தியை உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கண்காட்சிக்காரர்களுக்கு என் கோரிக்கை இதுதான். அந்த அட்டையைக் கழற்றுங்கள். இப்படி எழுதுங்கள்: பதினோரு பேர் போனார்கள், பதினோரு பேரும் திரும்பினார்கள். ஒருவனை சார்ஜன் முத்தையா இரண்டு நாள் முதுகில் சுமந்து வந்தார். அவர் நிமிர்ந்துதான் நின்றார். வெயிலுக்காக அவரைக் குனியச் சொன்னவன் படக்காரன். இந்தக் குனிவு முழுக்க முழுக்க அவன் கைவேலை, இதில் சார்ஜனுக்கு எந்தப் பங்கும் கிடையாது.

அதன் கீழே என் பெயரைப் போடுங்கள். பொடி எழுத்தில் வேண்டாம். தூரத்தில் நிற்பவனும் படிக்கிற மாதிரி, பெரிதாகப் போடுங்கள்.