இரண்டாவது எபிசோடு தேறாது

என் அக்காள் புருஷன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணைச் சோதிக்கும்போது அவருக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒரே லென்ஸையே கழற்றி மறுபடியும் மாட்டி, "முன்னாடி போட்டது நல்லா தெரிஞ்சுதா, இதுவா?" என்று கேட்பார். யாராவது "முன்னாடி போட்டதுதான்" என்று சொல்லிவிட்டால், அன்று வீட்டில் சாப்பாடு முடியும்வரை அந்த ஆளை வைத்துச் சிரிப்பார். "கண்ணும் இல்ல, புத்தியும் இல்ல" என்பார்.

அப்பேர்ப்பட்ட மேதாவிக்கு, டிவியில் எந்த நகைச்சுவைத் தொடர் வந்தாலும் இரண்டாவது வாரம் பிடிக்காது. சேனலின் ஃபேஸ்புக் பக்கத்தில் கருத்து எழுதி, அதைக் குடும்பக் குரூப்பிலும் போட்டு, நாங்கள் கை தட்டும்வரை விடமாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுவோம்.

புதுத் தொடர் ஒன்றை முதல் வாரம் போனை நோண்டிக்கொண்டே பார்த்தவர், இரண்டாவது வாரம், போன சனிக்கிழமை, சிரித்தால் வரி கட்ட வேண்டுமோ என்ற முகத்துடன் பார்த்து முடித்தார். உடனே எழுதினார்: "முதல் எபிசோடின் கால்தூசிக்குப் பெறாது. நடிப்பு இறங்கிவிட்டது. வசனத்தில் உப்பில்லை." அரை மணியில் முப்பது பேர் ஆமாம் சாமி போட்டார்கள்.

அதற்குள் சேனல்காரர்கள் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு விட்டார்கள். தவறுதலாக முதல் எபிசோடையே மறுபடியும் ஒளிபரப்பிவிட்டார்களாம்.

அக்கா அதைச் சத்தமாக வாசித்தாள். அத்தான் போனைக் கவிழ்த்து வைத்தார். அவள் அருகில் போய், அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதையே திரும்ப மாட்டிவிட்டுக் கேட்டாள்:

"முன்னாடி நல்லா தெரிஞ்சுதாங்க, இப்பவா?"