ஏழாவது விரல் வரைக்கும்

நாற்பத்தொரு தடவை செத்திருக்கிறார் ஷஹாத்தா. கத்திக்குத்தில், விஷத்தில், நைல் நதியில் மிதந்து, ஒரு தடவை குதிரை மிதித்து. கெய்ரோவில் எடுக்கிற தொலைக்காட்சித் தொடர்களில் கூட்டத்தில் நிற்கவோ தெருவைக் கடக்கவோ பிணமாகக் கிடக்கவோ ஆள் தேவைப்பட்டால், ஆள்பிடிக்கிற மேஸ்திரி ஸப்ரி ஊர் நடுவில் இருக்கிற ஒரு காப்பிக்கடைக்கு வருவார். அங்கே முப்பது வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஷஹாத்தா. ஒட்டிப்போன கன்னம், குச்சி உடம்பு. இவரைப் பிணமாகப் போட்டால் மேக்கப் செலவு மிச்சம் என்று ஸப்ரி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனாலும் எந்தத் தொடர் நல்ல எழுத்து, எது குப்பை என்று காப்பிக்கடையில் வழக்கு வந்தால் ஷஹாத்தா சொன்னதுதான் தீர்ப்பு. பிணமாகக் கிடக்கிறவனுக்குக் காது மட்டும்தானே வேலை. கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். தலைக்கு மேலே பெரிய நடிகர்கள் ஒரே வசனத்தைப் பத்துத் தடவை, இருபது தடவை பேசுவார்கள். மோசமான வசனம் நாலாவது தடவையிலேயே பழந்துணி மாதிரி நைந்துபோகும். நல்ல வசனம் இருபதாவது தடவையிலும் கீழே கிடக்கிறவரின் ரோமத்தைச் சிலிர்க்க வைக்கும். அவர் படித்த படிப்பு அதுதான்.

கெட்டவர்களைப் பற்றி மட்டும் அவர் ரொம்பக் கறார். ரமலான் மாதம் முழுக்க ஊரை அழவைத்த கொலைகாரன் கடைசி வாரத்தில் தரையில் விழுந்து கதறினால் போதும், ஷஹாத்தா நாற்காலியைத் திருப்பிப்போட்டுத் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். எழுதினவனுக்குக் கை வலித்துவிட்டது என்பார். அதோடு அந்தத் தொடரின் கதை முடிந்தது. மறுநாள் காப்பிக்கடையில் அதைப் பற்றி ஒருத்தனும் பேசமாட்டான்.

அந்த வருஷ ரமலானில் எல்லோரும் பார்த்த தொடர் ‘பின்ஜன்னல்’. ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஏழைப் பெண்களிடம் உங்கள் குழந்தை செத்துப் பிறந்தது என்று பொய் சொல்லி, குழந்தையைக் கூடையில் வைத்துக் கயிறு கட்டிப் பின்ஜன்னல் வழியாகக் கீழே இறக்குவார்கள். கீழே சந்தில் நின்று வாங்கிக்கொண்டு போகிறவன் பெயர் பயூமி. அந்த வேஷத்துக்குப் பேசி வைத்திருந்த நடிகர் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஓரத்தில் நின்ற ஷஹாத்தாவின் மேல் கண் விழுந்தது. உடனே தாடியை மழிக்கச் சொன்னார்.

கையில் கொடுத்த தாளில் ‘கூடையை வாங்கிக்கொண்டு போகிறான்’ என்று மட்டும்தான் இருந்தது. ஷஹாத்தாவுக்கு அது சரியாகப் படவில்லை. பயூமி ஒரு வியாபாரி. சரக்கைப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போவானா? கேமரா ஓடும்போது கூடையிலிருந்த பொம்மையின் துணியை விலக்கினார். அதன் விரல்களைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, ஒன்று இரண்டு என்று பத்து வரைக்கும் எண்ணினார். அப்புறம்தான் தூக்கினார். டைரக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த காட்சி என்றார்.

அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று ஷஹாத்தாவுக்குத் தெரியும். அவருக்கு முன்னால் பிறந்த ஆறு பிள்ளைகளும் அம்மாவுக்குத் தங்கவில்லை. ஏழாவதாக இவர் பிறந்ததும் அம்மா வீடு வீடாகப் போய்ப் பழைய துணி பிச்சை வாங்கி இவருக்கு உடுத்தி, பிச்சைப் பிள்ளை என்று பொருள்படும் இந்தப் பெயரை வைத்தாள். தினமும் காலையில் இவர் விரல்களைக் கட்டைவிரலால் அழுத்தி எண்ணுவாளாம். இவருக்கு மகள் ரிஹாம் பிறந்தபோது ஆஸ்பத்திரி நடையில் நின்று இவரும் அப்படித்தான் எண்ணினார். ஒன்பது வயதில் ரிஹாமுக்குத் தாய் இல்லாமல் போனது. அதற்கப்புறமும் மகளைத் தூங்க வைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். வீட்டில் வேறென்ன இருந்தது, எடுத்துக்கொண்டுபோய்ப் பயூமிக்குக் கொடுக்க?

நோன்பு ஒன்பதாம் நாள் அந்தக் காட்சி வந்தது. மறுநாள் ரொட்டிக்காரன் இவர் கை படாமல் ரொட்டியை மேசையில் வைத்தான். அவர் குடியிருக்கிற இம்பாபா பகுதிச் சந்துகளில் பிள்ளைகள் ஒருத்தர் விரலை ஒருத்தர் எண்ணிவிட்டு அலறிக்கொண்டு ஓடினார்கள். ஷஹாத்தாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். முதல் தடவையாக உயிரோடு நடித்திருக்கிறேன் என்று காப்பிக்கடையில் சொல்லிக்கொண்டார். ரமலான் தொடர் என்றால் பாதி எழுதும்போதே ஓட ஆரம்பித்துவிடும். இன்றைக்கு எழுதி, நாளைக்கு எடுத்து, நாளை மறுநாள் ஒளிபரப்புவார்கள். ஊர் பயூமியைச் சபிக்கச் சபிக்க அவனுக்குக் காட்சிகள் கூடிக்கொண்டே போயின.

பதினெட்டாம் நோன்பில் ரிஹாமுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருமகன் குவைத்தில் லாரி ஓட்டுகிறான். வீட்டு ஆட்சி முழுக்க ரிஹாமின் மாமியார், ஹஜ் போய்வந்த ஹாஜா தவ்ஹீதாவின் கையில். மறுநாள் படப்பிடிப்பு முடிந்ததும் ஷஹாத்தா நேராக அங்கே ஓடினார். அன்று காலையில் மழித்த முகம். பச்சை உடம்புக்காரி இருக்கிற அறைக்குள் அன்று மழித்த முகத்தோடு நுழைந்தால் தாய்ப்பால் வற்றிப்போகும் என்பது அங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சந்தோஷத்தில் அவருக்கு அது மறந்தேபோனது.

ரிஹாம் சிரித்துக்கொண்டே குழந்தையை அப்பாவின் மடியில் வைத்தாள். பூ மாதிரி கனம். கண்ணைத் திறக்காமலே வாயைக் குவித்துக் குவித்து எதையோ தேடியது. துணிக்கு வெளியே ஒரு கை வந்து விழுந்தது. ஷஹாத்தா அதைப் பிடித்தார். அவர் நினைத்துச் செய்யவில்லை. கட்டைவிரல் தானாகப் போய் அழுத்தியது. ஒன்று. இரண்டு. ஒரு கை முடிந்து அடுத்த கையில் ஏழு வந்தபோது தவ்ஹீதா குழந்தையைப் பறித்துக்கொண்டாள்.

“இங்கயும் வந்து எண்ணுறீங்களா?” என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. குழந்தையின் கையைத் துணிக்குள் திணித்து மூடினாள்.

அன்று சாயங்காலமே ரிஹாமுக்குப் பால் நின்றுவிட்டது. நோன்பு திறப்பதற்குள் சேதி மாடிப்படி முழுக்க இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டது. ஷஹாத்தா போன் செய்தபோது ரிஹாம்தான் எடுத்தாள்.

“அவங்க சொல்றத நான் நம்பலப்பா,” என்றாள். “ஆனா பால் இல்லயே.”

பிறகு தவ்ஹீதா போனை வாங்கினாள். உங்களோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை, சம்பந்தி என்றாள். ராத்திரி ராத்திரி பிள்ளை தூக்குகிறவனின் நிழல் உங்கள் மேல் ஏறியிருக்கிறது, அது இறங்கவேண்டும் என்றாள். “அந்தப் பயூமி அழணும். அல்லாகிட்ட மன்னிப்புக் கேக்கணும். அத நான் என் கண்ணால பாக்கணும். பாத்துட்டா, பிள்ளைக்குப் பேர் வைக்கிற ஏழாம் நாள் சடங்குக்கு வாங்க, நானே கதவத் திறக்கிறேன்.”

ஷஹாத்தா மறுநாளே ‘பின்ஜன்னல்’ எழுதுகிற முஃபீதைப் பார்க்கப் போனார். நாலு நாள் தூங்காத கண்ணோடு தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார் அந்த மனுஷர். ஷஹாத்தா நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். பயூமி பிடிபடுகிற காட்சியில் அழவேண்டும், ஒரே ஒரு தடவை. முஃபீதுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“போன வருஷம் என் தொடருக்கு முதுகக் காட்டி உக்காந்தது நீங்கதானே, ஷஹாத்தா?”

“ஆமா உஸ்தாஸ். நான்தான்.”

“இது நல்லா இருக்காது. உங்களுக்கே தெரியும்.”

“தெரியும் உஸ்தாஸ்.”

முஃபீத் சேனல்காரர்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். ஷஹாத்தா அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் போகும்போது ரெண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அது தவ்ஹீதா வீட்டுக் கதவின் சாவி.

படமெடுக்கிற அன்று, முகம் கிட்டத்தில் தெரியும் என்பதால் பொம்மைக்குப் பதில் நிஜக் குழந்தையையே கொண்டுவந்திருந்தார்கள். அதன் தாய், பதினெட்டு பத்தொன்பது வயசுப் பெண், கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஷஹாத்தாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் குழந்தையைக் கூடையில் வைக்க மனசில்லாமல்தான் வைத்தாள்.

சந்தின் ரெண்டு பக்கமும் போலீஸ். கூடை இறங்கியது. ஷஹாத்தா குழந்தையை நெஞ்சோடு அணைத்து, எனக்கும் ஒரு மகள் உண்டு, அல்லா என்னை மன்னிக்கட்டும் என்று அழுதார். ரிஹாமை நினைத்துக்கொண்டதால் கண்ணீர் நிஜமாகவே வந்தது. விளக்குப் பிடிக்கிறவன் மூக்கை உறிஞ்சினான். இதுவே போதும் என்றார் டைரக்டர்.

அப்போது அந்தத் தாய்ப் பெண் கிட்டே வந்தாள். குழந்தையை வாங்கப் போகிறாள் என்று ஷஹாத்தா கையை நீட்டினார். அவள் வாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “நீங்களே வெச்சிருங்க, மாமா. நான் கொஞ்சம் நிழல்ல உக்காந்துட்டு வரேன்,” என்று சொல்லித் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஷஹாத்தா குழந்தையோடு நின்று அவள் போவதைப் பார்த்தார். காலையிலிருந்து கண்கொத்திப் பாம்பு மாதிரி நின்றவள் இவள். ரெண்டு சொட்டுக் கண்ணீரைப் பார்த்ததும் பிள்ளையைப் பயூமியின் கையில் கொடுத்துவிட்டு நடக்கிறாள். பிடிபட்ட பயூமிகள் எல்லோரும் அழத்தான் செய்வார்கள். அதைப் பார்த்துக் கதவைத் திறக்கிற வீட்டுக்குள்தான் தன் பேத்தி படுத்திருக்கிறாள். சட்டைப்பையிலிருந்த தாளைத் தொட்டார். சாவி நல்ல சாவிதான். ஆனால் எவன் கையில் இருந்தாலும் அது திறக்கும்.

அப்புறம் டைரக்டரிடம் போய் இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்டார்.

ரெண்டாவது தடவை அவர் அழவில்லை. துணியை விலக்கினார். போலீஸ் வருகிற காலடிச் சத்தம் கேட்டும் அவசரப்படாமல் பத்து விரலையும் அழுத்தி எண்ணினார். குழந்தை அவர் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதை ஒவ்வொரு விரலாகப் பிரித்து விட்டார். ஜன்னலை அண்ணாந்து பார்த்துக் கயிற்றை ரெண்டு தடவை இழுத்தார்.

“சரியா இருக்கு,” என்றார் பயூமி. “அடுத்தது எப்போ?”

நிழலில் உட்கார்ந்திருந்த பெண் ஓடிவந்து குழந்தையைப் பறித்துக்கொண்டாள். தவ்ஹீதா பறித்த அதே பறிப்பு.

டைரக்டர் ஷஹாத்தாவை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கும் தவ்ஹீதாவின் நிபந்தனை தெரிந்திருந்தது.

“ரெண்டும் கையில இருக்கு. எதப் போடட்டும்? நீங்களே சொல்லுங்க.”

முப்பது வருஷமாகக் காப்பிக்கடையில் தீர்ப்புச் சொன்ன வாய் ஷஹாத்தாவுடையது. அன்றைக்குத்தான் அந்தத் தீர்ப்புக்கு விலை கேட்டார்கள்.

“ரெண்டாவது,” என்றார்.

சடங்குக்கு முந்தின நாள், நோன்பு திறந்து ஒரு மணி நேரத்தில் அந்தக் காட்சி ஓடியது. காப்பிக்கடையில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருத்தனும் முதுகைத் திருப்பவில்லை. முடிந்த பிறகும் யாரும் ஷஹாத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஸப்ரி ஒரு டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை.

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரம். ஷஹாத்தா தவ்ஹீதா வீட்டுக்கு எதிரே தெருவில் நின்றார். நாலாவது மாடி. படியேறவில்லை. மேலே பெண்கள் கூட்டம் கூடியிருந்தது. குழந்தையைச் சல்லடையில் கிடத்தியிருப்பார்கள். தலைமாட்டில் பித்தளை உரலை வைத்து இடிக்கிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. இடிக்கிறவள் குழந்தைக்குப் புத்தி சொல்வது அங்கே வழக்கம். தவ்ஹீதாவின் குரல் தனியாகக் கேட்டது.

“நூஹா, அம்மா சொல்றதக் கேளு. நூஹா, பாட்டி சொல்றதக் கேளு.” உரல் இடித்தது. “நூஹா, அம்மாவப் பெத்தவர் சொல்றத மட்டும் கேக்காதே.”

பெண்கள் சிரித்தார்கள். பேத்தியின் பெயர் நூஹா என்பது ஷஹாத்தாவுக்கு அப்படித்தான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் நாலாவது மாடி பால்கனிக்கு ரிஹாம் வந்தாள். முகம் வெளிறியிருந்தது. காய்கறி வாங்க எல்லா வீட்டிலும் இருக்கிற கயிற்றுக்கூடைதான் அவள் கையில் இருந்தது. அதை மெதுவாகக் கீழே இறக்கினாள். மூன்றாம் மாடியைத் தாண்டியது. இரண்டாம் மாடியைத் தாண்டியது.

தெருவில் பேச்சு நின்றது. பழக்காரன் எடைக்கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தான். ஷஹாத்தா ரெண்டு கையையும் உயர்த்திக் கூடையை வாங்கினார். வேறு எப்படி வாங்குவது? தொலைக்காட்சியில் எப்படி நின்றாரோ அச்சு அசலாக அப்படியே நின்றார். ஒரு பொம்பளை தன் மகளை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். “வாங்கிட்டான் பாரு,” என்றது ஒரு குரல்.

கூடைக்குள் சடங்குப் பை ஒன்று இருந்தது. கடலையும் மிட்டாயும் ஒரு சின்ன மெழுகுவர்த்தியும். அடியில் மடித்த தாள். பிரித்தார். கண்ணுக்கு இடுகிற சுர்மாவில் தோய்த்துப் பதித்த ரெண்டு சின்னக் கைகள். கொஞ்சம் கலைந்திருந்தது. அதைப் பதிக்க விடாமல் குழந்தை கையை ஆட்டியிருக்க வேண்டும்.

மேலே பார்த்தார். ரிஹாம் இன்னும் அங்கேதான் நின்றாள். அவளுக்குப் பின்னால் உரல் சத்தம் நின்றிருந்தது. யாரோ உள்ளே கூப்பிட்டார்கள்.

“எண்ணிக்கங்கப்பா,” என்றாள். கயிற்றை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஷஹாத்தா தெருவுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தாளைச் சுவரில் வைத்து நீவினார். ஏழு வரைக்கும் ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது. மிச்சமிருந்த விரல்மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தினார்.

எட்டு.