குளிருக்குக் காது கொடுப்பவர்

ஐஸ் பாக்கெட்டை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டுகிறார். திருப்பி மேசையில் வைக்கிறார். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஆட்டுகிறார். உள்ளே தண்ணீர் களுக்கென்று அசைந்த பிறகுதான் அது தடுப்பூசிப் பெட்டிக்குள் போகும். அதுவரை வண்டிக் கதவைத் திறந்து போட்டுக் காத்திருக்கும் ஓட்டுநர் அலிமாமி, "ஆன்ட்டி, ஐஸ் என்ன சொல்லுது? அவங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமாமா?" என்பான்.

"பேசாம இரு. கேக்குறேன்ல?"

ரோவேனா ஐம்பதை நெருங்குகிறவர். பிலிப்பைன்ஸில் சூரை மீன் குளிர்க்கிடங்கொன்றில் இருபது வருடம் குழாயோடும் வாயுவோடும் மல்லுக்கட்டியவர். இரண்டு வருடமாக, ஆப்பிரிக்கக் கடலோர நகரமான ஃப்ரீடவுனில் எங்கள் மருந்துக் கிடங்கின் குளிர்ப்பெட்டிகள் ஒன்பதும் அவர் பொறுப்பு. கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு முன்னால் கிளம்புவது அவர் குரல்: "கதவத் தொறக்காத! குளிர் போதாது!" மருந்துக்குப் பக்கத்தில் யாராவது இஞ்சிச் சாற்றுப் புட்டியை ஒளித்து வைத்திருந்தால் எடுத்து அவரே குடித்துவிடுவார். "எடத்துக்கு வாடகை" என்று காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுப்பார்.

தெருப் பிள்ளைகள் "சைனா! சைனா!" என்று கத்துவார்கள். நின்று, "பிலிப்பைன்ஸ்! எங்க, சொல்லு" என்று பாடம் எடுப்பார். பலன், இப்போது "சைனா பிலிப்பைன்ஸ்!" என்று கத்துகிறார்கள். மதியம் எங்களோடு ஒரே தட்டில் மரவள்ளிக் கீரையும் சோறும். "உடம்பு எப்படி?" என்றால் ஊரார் சொல்வதுபோலவே "உடம்புக்கென்ன" என்பார். போன மாதம் மலேரியாவில் பல் கிட்டி நடுங்கும்போதும் அதையேதான் சொன்னார். நாங்கள்தான் பிடித்து மூன்று நாள் வீட்டில் படுக்கவைத்தோம்.

அந்த மூன்று நாளில்தான் அது நடந்தது. கடலோரக் குடிசைகளில் நடக்கவிருந்த தடுப்பூசி முகாமுக்காக அலிமாமி நானூறு குப்பிகளை அடுக்கினான். கல்லாக உறைந்த ஐஸ் பாக்கெட்டுகளை நேராக மருந்தின்மேல் வைத்து மூடினான். முகாமுக்கு முதல் நாள் காலை, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்த ரோவேனா பெட்டியைத் திறந்தார். ஐஸுக்கடியில் கையை விட்டுக் குப்பிகளைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு அதே மருந்தில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து, உருகவிட்டார். அலிமாமி அடுக்கியதில் ஒன்றை எடுத்து, இரண்டையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி மேசையில் வைத்தார். நல்ல மருந்து நெடுநேரம் கலங்கலாகவே இருக்கும். உறைந்து கெட்டது சீக்கிரம் அடியில் படிந்து, மேலே தெளிந்துவிடும். நாங்கள் குனிந்து பார்த்தோம். இரண்டும் ஒன்றுபோலத் தெளிந்தன.

"எல்லாப் பெட்டியிலயும் ஒண்ணொண்ணு எடுத்து வா" என்றார். எல்லாமே தெளிந்தன.

கிடங்கு அதிகாரி பா கோம்பா நெற்றியைத் தேய்த்தார். "மசூதி மைக்ல சொல்லியாச்சு, ரோவேனா. நாளைக்கு எரநூறு தாய்மார் வருவாங்க. திருப்பி அனுப்பினா மறுபடி ஒருத்தியும் வரமாட்டா."

"செத்த மருந்தக் குத்தி அனுப்பவா?"

"மழைல வண்டி மாட்டிக்கிச்சுன்னு சொல்லிக்கலாம். நீ ஒரு நாள் விமானம் ஏறிடுவ. இந்த ஊர்ல மூஞ்சி காட்டப்போறது நான்."

"அப்ப நாளைக்கு என் மூஞ்சியக் காட்டுறேன்."

அலிமாமி தூணோரமாக நின்று முனகினான். "குளிர் போதாது, போதாதுன்னு நீங்கதான ஆன்ட்டி தெனமும்... கூட வெச்சா நல்லதுன்னு நெனச்சேன்."

ரோவேனா அவனையே பார்த்தார். "ஐஸ எதுக்குக் காதுல வெச்சேன்னு உனக்குத் தெரியுமா?"

"ஏதோ உங்க ஊர் வேண்டுதல்னு..."

சிரித்துவிட்டார். சிரிப்பு சட்டென்று நின்றது. "தப்பு என்னோடது. சூடு கெடுக்கும்னு ரெண்டு வருஷமாக் கத்தினேன். குளிரும் கொல்லும், ஐஸ் உள்ள தண்ணி அசஞ்சப்புறம்தான் வெக்கணும்னு ஒரு தடவ சொல்லல."

மறுநாள் காலை, அந்த ஊரில் மரியாதைக்குக் கொடுக்கும் கோலாக் கொட்டைகளை இலையில் சுற்றிக்கொண்டு முகாமுக்குப் போனார். அந்தக் குடிசைகளின் பெண்களுக்குத் தலைவி யா போசே. வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டால் முகம் கொடுக்கமாட்டாள். பிள்ளைகளை இடுப்பில் ஏந்திய வரிசையின் முன்னால் ரோவேனா முட்டி போட்டு இலையை நீட்டினார். "மருந்து கெட்டுப்போச்சு. நான் சரியாச் சொல்லித்தராததால. மகேனி ஊர்க் கிடங்குல நல்ல மருந்து இருக்கு, நானே போய் எடுத்தாரேன். வியாழக்கிழம."

"வெளியூர்க்காரங்க எல்லாரும் ஒரு வியாழக்கிழம சொல்லிட்டுத்தான் போனாங்க" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. வரிசை சிரித்தது.

யா போசே சிரிக்கவில்லை. ஒரு கொட்டையை எடுத்து இரண்டாகப் பிளந்து, பாதியை ரோவேனாவிடம் கொடுத்தாள். தன் பாதியைத் தின்னாமல் இடுப்புத் துணியின் முனையில் வைத்து முடிந்தாள். "பிள்ளைங்களுக்கு ஊசி போட்டப்புறம் திங்கிறேன்."

அதற்குள் தன் பாதியை வாயில் போட்டுவிட்டிருந்த ரோவேனா, அதை வெளியே எடுத்தார். பாவாடை ஓரத்தில் துடைத்தார். தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து, அதன் முனையில் வைத்து, பல்லால் இழுத்து இறுக்கி முடிந்தார்.